ஓரக் குறிப்பு எழுதப்படும் வரை

(நம் ஆலயப் பொன்விழாவின் குடும்ப நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவின் இக்குடும்ப நாளில் இல்லறம் பற்றி ஓர் உரை தருமாறு விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக் கொண்டனர். தம்பதியரின் அன்பைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் காலையில் பேசியவர்கள் என்னைவிட நன்றாகவே பேசிவிட்டார்கள். எனவே நான் வேறொரு பொருளை எடுத்துக் கொள்கிறேன். கேட்பதற்குச் சற்று வறட்சியாக இருக்கும். தாள், முத்திரை, கையொப்பம் இவற்றைப் பற்றியது. ஆனால் இந்தத் தாள் இல்லாமல் கண்ணீர் விட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அரை மணி நேரம் பொறுமையோடு கேட்குமாறு உங்களை வேண்டிக் கொள்கிறேன்.

சென்ற மாதம் பிரான்சு நாட்டிலிருந்து ஓர் உறை வந்தது. பாரிஸ் நகருக்கு அருகேயுள்ள ஒரு பங்கின் குருவானவர் அனுப்பியிருந்தார். உள்ளே ஓர் அரைத்தாள். உங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற இன்ன பெண், இன்ன தேதியில், எங்கள் ஆலயத்தில், இன்னாரை மணந்து கொண்டாள் என்ற செய்தி, அவ்வளவே. உபதேசியாரை அழைத்துப் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். அப்பெண்ணின் பெயர் எழுதப்பட்ட பக்கத்தைத் திருப்பி, அதன் ஓரத்தில் திருமணத்தின் நாளையும் இடத்தையும் கணவரின் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டேன். கைக்குழந்தையாக அவள் பெயர் ஏறிய அதே வரியின் பக்கத்தில், எங்கோ கடல் கடந்து அவள் செய்த திருமணமும் ஏறிவிட்டது. இனி யார் எப்போது அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டாலும், அவள் மணமானவள் என்பதும் அதனுடன் சேர்ந்தே போகும்.

இது நான் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல. திருமணங்களை எழுதி வைக்கப் பங்குக்குரு ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் ஆணையிட்டது. அத்திருமணம் ஞானஸ்நானப் புத்தகத்திலும் குறிக்கப்பட வேண்டும் என்பதை 1907-ஆம் ஆண்டின் ‘நே தேமெரே’ ஆணை வலியுறுத்தியது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1122-ஆம் விதியும் அதையே கூறுகிறது. வேறு ஊரில் மணமுடித்து வைத்த குரு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும். ஒருவன் ஓர் ஊரில் மனைவியை வைத்துக் கொண்டு மற்றோர் ஊரில் மணமாகாதவன் என்று சொல்லி இன்னொருத்தியை ஏமாற்றக் கூடாது என்பதே இதன் நோக்கம். திருமணம் எங்கு நடந்தாலும் அதன் செய்தி பிறந்த வீட்டுப் பக்கத்துக்குத் திரும்பி வர வேண்டும். குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபைச் சட்டம் கற்பித்த பேராசிரியர், ஓரக் குறிப்பு எழுதும் வரை கலியாண வேலை முடியவில்லை என்று அடிக்கடி சொல்வார். அன்று அது எனக்கு அலுவலக வேலையாகத்தான் பட்டது. அதன் பொருளை நான் பின்னர் ஒரு பெண்ணின் துன்பத்திலிருந்து கற்றுக் கொண்டேன். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

திருச்சபை செய்வதைப் போலவே அரசாங்கங்களும் செய்கின்றன. இன்னும் சொன்னால், பிரான்சு நாட்டு அரசாங்கம் பதிவேடு எழுதும் பழக்கத்தையே கோயிலிலிருந்துதான் கற்றது. 1539-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசர் முதலாம் பிரான்சுவா பிறப்பிட்ட ஆணை, குருக்கள் ஞானஸ்நானங்களை முறையாக எழுதி வைக்க வேண்டும் என்றது. புரட்சிக் காலத்தில், 1792 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சட்டத்தின்படி, அந்த வேலை குருக்களிடமிருந்து நகராட்சிகளுக்கு மாற்றப்பட்டது. புதுச்சேரிக்காரர்கள் ‘எத்தா சிவில்’ என்று சொல்கிறார்களே, அந்தக் குடிமைப் பதிவு அதுதான். 1897-ஆம் ஆண்டு முதல் ஒருவருடைய திருமணம் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பதும் அங்கே சட்டமாயிற்று. நம்முடைய ‘நே தேமெரே’ ஆணைக்குப் பத்து ஆண்டுகள் முந்தியது அது. கோயிலும் அரசும் பல காரியங்களில் சண்டையிட்ட அந்தக் காலத்திலும் இந்த ஒன்றில் இரண்டும் ஒரே வழியைக் கண்டன.

பிரான்சு நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பகுதிக்கு அது தூரத்துக் கதை அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் முதல் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கொள்ளலாம் என்றது அவ்வொப்பந்தம். அப்படித் தேர்ந்து கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சிலும் புதுச்சேரியிலும் பரவி இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ குடும்பங்களை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அவர்கள் நம் மொழி பேசுகிறார்கள், வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள், நம் ஊர்களில் பெண் எடுக்கிறார்கள். மாப்பிள்ளை தமிழ்ப் பையன்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அந்நிய நாட்டவர். அவருடைய தாய்நாடு பிரான்சு. இதை நாம் மறந்து விடுகிறோம். கடலூரில் பெண்ணைக் கொடுப்பதைப் போலவே நினைத்துக் கொடுத்து விடுகிறோம்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கி விடுகிறேன்.

தமிழ்நாட்டில் நம் ஆலயத்தில் நடைபெறும் திருமணம் அருட்சாதனம் மட்டுமல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அது அரசு ஏற்கும் திருமணமும் ஆகும். அதற்கு மேல், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி, எந்த மதத்தவராயினும் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை பதியலாம். இவ்வளவும் இந்திய அரசுக்கு.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கே கோயில் திருமணத்துக்குச் சட்டத்தின்முன் ஒரு பயனும் இல்லை. நகராட்சி மன்றத்தில் மணமுடித்த பின்னரே கோயிலுக்கு வர வேண்டும். ஆயினும், வெளிநாட்டில் அந்நாட்டு வழக்கப்படி நடந்த திருமணத்தைப் பிரெஞ்சுச் சட்டம் மறுப்பதில்லை. ஆகவே நம் கோயிலில் நடந்து இங்கே முறையாகப் பதியப்பட்ட திருமணம் அவர்களுக்கும் திருமணமே. ஆனால் அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 171-5-ஆம் விதி ஒரு நிபந்தனை வைக்கிறது. அத்திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் பெயர்த்தெழுதப்பட்டால்தான் மூன்றாமவர் அதற்குக் கட்டுப்படுவர். பெயர்த்தெழுதாவிட்டாலும் கணவன் மனைவிக்கிடையிலும் பிள்ளைகளைப் பொறுத்தும் திருமணத்தின் உரிமைகள் உண்டு. ஆனால் வெளியார்முன் அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. மூன்றாமவர் என்றால் யார்? விசா கொடுக்கும் அதிகாரி, ஓய்வூதிய அலுவலகம், வங்கி, வீட்டுக்காரர், சொத்தில் பங்கு கேட்கும் உறவினர், இவர்கள் எல்லாரும்தான். வீட்டுக்குள்ளே மனைவி, வாசற்படியைத் தாண்டினால் யாரோ ஒருத்தி. அதுதான் அந்த நிலை.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு பங்கில் நான் பணியாற்றிய காலம். தச்சு வேலை செய்யும் ஒருவருடைய மூத்த மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர், தாய்வழி புதுச்சேரி. நல்ல பிள்ளை. ஆகஸ்டு மாதம் மூன்று வார விடுமுறையில் வந்தார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு முன் திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்றார்கள். அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், அவருடைய பங்குக்குருவின் கடிதம், எல்லாம் சரியாக இருந்தன. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தேன். பெண்ணையும் பையனையும் தனித்தனியே உட்கார வைத்துத் திருமண விசாரணை நடத்தினேன். கோயில் பக்கம் ஒரு குறையும் இல்லை.

“பிரெஞ்சு ஆபீஸில் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டதா?” என்று ஒரு வார்த்தை கேட்டேன். “கலியாணம் முடிஞ்ச பிறகு எழுதிக் குடுத்தா போதும்னு சொல்றாங்க பாதர்” என்றார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அது என் முதல் தவறு.

இரண்டாம் தவறு பெயரில். அப்பெண்ணை ஊரில் எப்படி அழைத்தோமோ அப்படியே விவாகப் புத்தகத்தில் எழுதினேன். பள்ளிச் சான்றிதழில் அந்தப் பெயர் பாதிதான் இருந்தது. முன்னால் தந்தையின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. சார்பதிவாளர் சான்றிதழிலோ எழுத்துக்கூட்டல் இன்னொரு மாதிரி. நமக்கு எல்லாம் ஒரே பெண்தான். தாளை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பெண்கள்.

மாப்பிள்ளை விடுமுறை முடிந்து போய்விட்டார். டிசம்பரில்தான் விண்ணப்பம் கொடுத்தார். திருமணத்துக்கு முன் வாங்க வேண்டிய சான்று வாங்கப்படவில்லை. ஆகவே கணவனையும் மனைவியையும் விசாரிக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையை அங்கே கேட்டார்கள். பெண்ணை இங்கே கேட்டார்கள். கணவர் எந்த இடத்தில் வேலை செய்கிறார், எத்தனை மணிக்குப் போகிறார், உடன்பிறந்தவர்கள் பெயர் என்ன என்று கேட்டபோது, மூன்று வாரம் மட்டுமே கணவரோடு வாழ்ந்த அந்தப் பிள்ளை பயத்தில் தடுமாறிவிட்டாள். பெயரும் பொருந்தவில்லை, பதிலும் பொருந்தவில்லை. கோப்பு நாந்த் நகரிலுள்ள அரசு வழக்குத் தொடுநரிடம் போயிற்று. முடிவு சொல்ல அவருக்குச் சட்டம் ஆறு மாதம் வரை அவகாசம் தருகிறது. அவர்கள் யாரும் அநியாயம் செய்யவில்லை. தங்கள் சட்டப்படிதான் நடந்தார்கள். நம்முடைய தாள்கள்தாம் அவர்களுக்கு ஐயம் உண்டாக்கின.

இதற்கிடையில் குழந்தை பிறந்தது. தாய் வீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஊர் சும்மா விடுமா? “அவன் அங்கே வேறே குடும்பம் வைச்சிருக்கானாம்” என்று ஒருவர். “நகைக்காகக் கட்டினான்” என்று ஒருவர். எட்டு மணிப் பூசைக்கு வந்து கொண்டிருந்தவள் விடியற்காலைப் பூசைக்கு மாறிக் கொண்டாள். அதுவும் கடைசி வரிசையில். ஞானஸ்நானத்தன்று குழந்தையின் தந்தை தொலைபேசியில் அழுகிற குரலைத்தான் கேட்டோம்.

ஒரு நாள் மாலை அவளுடைய தகப்பனார் பங்களாவுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. “சாமி, நீங்க எழுதி வைச்ச கலியாணம் கலியாணம் இல்லீங்களா?” என்று கேட்டார். அது செல்லும் கலியாணம்தான் என்று சட்டப்படி விளக்கம் சொல்ல முடியும். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அந்த விளக்கம் வாயில் வரவில்லை.

பின்னர் அப்பெண்ணின் பெயர்கள் எல்லாம் ஒருத்தியையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதினோம், சான்றிதழைத் திருத்தினோம், நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். கடைசியில் பெயர்த்தெழுதினார்கள்; விசாவும் கிடைத்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் தந்தையை முதன்முதலில் நேரில் பார்த்தது. இன்று அவர்கள் சுகமாக இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையிலிருந்து எடுத்த அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுக்க முடியும்? இரண்டு மாதம் முன்னதாக ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால் அவற்றில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வெளியூர் வரன் பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, வேலை திருமணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பிரெஞ்சுக் குடிமகன் இங்கே மணமுடிக்க விரும்பினால், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திலிருந்து திருமணத் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்காக அவர்களும் ஓலை வாசிக்கிறார்கள்! நாம் பூசையில் வாசிக்கிறோம்; அவர்கள் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கிறார்கள்; பையன் பிரான்சில் குடியிருந்தால் அவருடைய ஊர் நகராட்சியிலும் ஒட்டுகிறார்கள். இருவரையும் விசாரிப்பதும் உண்டு. ஐயமில்லை என்றால் அதை விட்டுவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இந்தச் சான்று கையில் இருந்தால், திருமணத்துக்குப் பின் பெயர்த்தெழுதும் வேலை பெரும்பாலும் தடையின்றி நடக்கும். அது இல்லாவிட்டால் விசாரணையெல்லாம் பிறகு வரும். அப்போது கணவன் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். விடுமுறைக்கு வந்து விமானம் ஏறுவதற்குள் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். சில மாதங்களுக்கு முன்னரே எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, மாப்பிள்ளையின் பிறப்புப் பதிவின் முழுப் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். இது பெண்ணைப் பெற்றவர்களுக்கு மிக முக்கியம். பிரான்சில் மணமுடிக்கும்போது அந்நாட்டுப் பிறப்புப் பிரதி மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்? ஒருவன் பிறந்த தேதி மாறப் போவதில்லை. ஆனால் ஓரக் குறிப்பு மாறலாம். முன்பு திருமணம் செய்திருந்தாலும் மணமுறிவு பெற்றிருந்தாலும் அந்த ஓரத்தில் இருக்கும். நான் உங்களிடம் ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். “பழைய சர்டிபிகேட்டே இருக்கிறதே சாமி” என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் இதை அருள்கூர்ந்து நினைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெயர். பிரெஞ்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, தன் பெயர் ஒன்று. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும். இந்த இரண்டு முறைகளும் மோதுகிற இடத்தில்தான் கோப்புகள் திரும்பி வருகின்றன. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே ஓலையிலும், விவாகப் புத்தகத்திலும், சார்பதிவாளர் சான்றிதழிலும், ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். ஆரோக்கியமேரி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். திருமணத்துக்கு முந்தின நாள் இரவு பந்தல்காரரிடம் கணக்குப் பார்க்கும் தகப்பனார், அதற்கு ஒரு வாரம் முன்னதாக மகளின் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும்.

நான்காவது, திருமணம் முடிந்தவுடன் இங்கே சார்பதிவாளரிடம் பதிந்து சான்றிதழ் பெறுங்கள். 90 நாள் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். இந்தியச் சான்றிதழ் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கு ‘அப்போஸ்டில்’ என்ற முத்திரை இருக்கிறது. அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. மாநில அரசு சரிபார்த்த பின் வெளியுறவு அமைச்சகம் அதை இடுகிறது. ஒன்றை மறவாதீர்கள்: அந்த முத்திரை கையொப்பமும் பதவியும் உண்மை என்று மட்டுமே சொல்கிறது, உள்ளே எழுதியிருப்பது சரியென்று சொல்வதில்லை. தவறான பெயருக்கு முத்திரை இட்டால் அது முத்திரையிட்ட தவறான பெயராகவே இருக்கும்.

ஐந்தாவது, பெயர்த்தெழுதுமாறு விண்ணப்பிக்க வேண்டியவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள துணைவரே. பெண்ணின் தகப்பனார் ஆயிரம் முறை அலைந்தாலும் அவர் கையொப்பம் இல்லாமல் நடக்காது. எனவே மாப்பிள்ளை விமானம் ஏறுமுன் அந்த விண்ணப்பத்தை எழுத வையுங்கள். அது நிறைவேறியதும் திருமணப் பதிவின் பிரதியும், ‘லிவ்ரே த ஃபமீ’ என்ற குடும்பப் புத்தகமும் கிடைக்கும். பையனுடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் உங்கள் மகளின் பெயர் ஏறும். அவர் வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகனானால், நாந்த் நகரில் 1965 முதல் இயங்கிவரும் மையப் பதிவகத்தில் அக்குறிப்பு ஏறும். மனைவிக்கான நீண்டகால விசாவுக்கு இதுவே அடிப்படை. திருமணமாகி நான்கு ஆண்டுகளுக்குப் பின், சில நிபந்தனைகளுடன், அவள் பிரெஞ்சுக் குடியுரிமை கோரலாம். அப்போதும் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான். குழந்தை பிறந்தால் அதன் பிறப்பையும் அங்கே பதிந்துவிட வேண்டும்.

சிலர், “நாங்கள் வெளிநாட்டுக்கே போகப் போவதில்லை, புதுச்சேரியிலேயே இருக்கப் போகிறோம், எங்களுக்கு எதற்கு இது?” என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு முதியவள் அப்படித்தான் நினைத்தாள். ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள்; முதல் மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆனபின் கோயிலில் முறையாக நடந்த திருமணம். நோயில் கிடந்த மனிதரை இறுதி வரை தூக்கிப் போட்டுப் பார்த்துக் கொண்டாள். அவர் இறந்த பிறகு விதவைக்குரிய ஓய்வூதியம் கேட்கப் போனால், அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அவள் பெயரே இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை ஒரு கையொப்பத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம், அவர் மறைந்த பின் வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படும் காரியமாயிற்று. தாளின் அருமை பெரும்பாலும் பலவீனமானவருக்குத்தான் தெரிய வருகிறது. பணமும் பாஸ்போர்ட்டும் உள்ளவன் தாள் இல்லாமலும் வாழ்ந்துவிடுவான். அவனை நம்பி வந்தவள் என்ன செய்வாள்?

இப்போது நம் பிள்ளைகள் பிரான்சு மட்டுமல்ல, வேறு பல நாடுகளிலும் சம்பந்தம் செய்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் இல்லை. ஜப்பானியரை மணந்தால், வெளிநாட்டில் நடந்த திருமணத்தை மூன்று மாதத்துக்குள் அந்நாட்டுக் குடும்பப் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இத்தாலியரானால் அவருடைய ஊர் நகராட்சிப் பதிவேட்டில் பெயர்த்தெழுத வேண்டும். ஜெர்மனியோ இந்தியாவின் அப்போஸ்டில் முத்திரையை ஏற்பதில்லை. அவர்கள் தங்கள் வழியில் தாள்களைச் சரிபார்க்கிறார்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டுத் திருமணத்தைப் பதியும் ஏற்பாடே இல்லை; நம் இந்தியச் சான்றிதழே அங்கே சான்று; ஆகவே அதைத்தான் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும். எனவே எந்த நாட்டு வரன் வந்தாலும் மூன்று கேள்விகளை முதலிலேயே கேளுங்கள்: உங்கள் நாட்டில் இதைப் பதிய வேண்டுமா? திருமணத்துக்கு முன் என்ன வாங்க வேண்டும்? பின் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? பதிலைத் தரகரிடமோ உறவினரிடமோ கேட்காமல், அந்நாட்டுத் தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கட்டணமும் படிவங்களும் மாறிக்கொண்டே இருக்கும். போன ஆண்டு ஒருவர் செய்தது இந்த ஆண்டு போதாமல் போகலாம்.

இவ்வளவும் கேட்டால் சம்பந்திகள் முகம் கோணுவார்களே என்று தாய்மார்கள் அஞ்சுவது எனக்குத் தெரிகிறது. “பிள்ளையைச் சந்தேகப்படுகிறார்கள்” என்று பேச்சு வரும் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் ஞாயிறு பூசையில் நான் ஓலை வாசிக்கும்போது யாராவது கோபித்துக் கொள்கிறீர்களா? “தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்” என்று ஊர் நடுவே கேட்கிறேனே, அது அவமானம் என்று நினைக்கிறீர்களா? பெயர் வாசிக்கும்போது வீட்டார் பெருமையோடு தலை நிமிர்ந்தல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்! அந்தக் கேள்வி எல்லாருக்கும் பொதுவானது. ஆகவே அது யாரையும் குத்துவதில்லை. இந்தத் தாள்களையும் அப்படியே எல்லாரிடமும் கேட்டால் யார் மனமும் நோகாது. நேர்மையான மாப்பிள்ளை தானே முன்வந்து காட்டுவார். காட்டத் தயங்குகிறவர் ஏன் தயங்குகிறார் என்பதைத் திருமணத்துக்கு முன் தெரிந்து கொள்வது நல்லதல்லவா?

ஆகவே இப்பொன்விழா ஆண்டு முதல் நம் பங்கில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்த விரும்புகிறேன். பங்குப் பேரவையினரிடமும் பேசி அவர்கள் சம்மதம் பெற்றுவிட்டேன். மணமக்களில் ஒருவர் அந்நிய நாட்டுக் குடியுரிமை உள்ளவரானால், முதல் ஓலை வாசிக்குமுன், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு எழுதியதற்கான அத்தாட்சியை நான் கேட்பேன். யாரானாலும் கேட்பேன், என் சொந்தத் தங்கை மகளானாலும் கேட்பேன். விவாகப் புத்தகத்தில் எழுதுமுன் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைக்கச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுவேன். மேலும் பங்கு அலுவலகத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் அத்தகைய திருமணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. துணைவரின் நாட்டில் பதிவு ஆகிவிட்டது என்று சேதி வந்ததும் அந்த வரியின் ஓரத்தில் தேதியை எழுதுவேன். தேதி இல்லாத வரிகளைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவேன். “சாமி மறுபடியும் தாள் கேட்க வந்துவிட்டார்” என்று அலுத்துக் கொள்ளாதீர்கள்.

அந்தத் தகப்பனார் உட்காராமல் நின்று கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அதே கேள்வியை இந்தப் பங்கில் யாரும் என்னிடமோ, எனக்குப் பின் வரும் குருக்களிடமோ கேட்க நேரக் கூடாது. நாம் கொடுக்கிற பெண் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்நாட்டுப் பதிவேட்டின் ஓரத்தில் தன் பெயரோடு நிற்கட்டும். நம் வீட்டுக்கு வரும் மருமகளுக்கும் மருமகனுக்கும் அப்படியே நாம் செய்வோமாக.

 இவ்வாண்டு நம் ஆலயத்தில் கைப்பிடிக்கப் போகும் பிள்ளைகள் அனைவரையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக!